டிரில் பட்டு அறுந்த அலாரம் வயர்: பழுதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

ஏ.சி. பைப்புக்குச் சுவரைக் குடையும்போது, கர்ட்டன் ராடுக்கு டிரில் வைக்கும்போது, ஜன்னலில் கொசுவலைச் சட்டம் திருகும்போது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எலி புகுந்துவிடும்போது. வீட்டுத் திருட்டு அலாரத்தின் வயர் அடிபடுவது பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில்தான். அறுந்த வயர் கண்ணுக்குத் தெரிந்தவுடன் பலரும் செய்வது ஒன்றே. பேனலில், அதாவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், கரண்ட் இருக்கும்போதே நிறம் பார்த்து முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்தில் 12 வோல்ட் வரும் சிவப்பு வயர், கீபேடும் பேனலும் பேசிக்கொள்ளும் டேட்டா வயரைத் தொட்டால், 200 ரூபாய் வேலை புதுப் பேனல் வாங்கும் வேலையாகிவிடும்.

இந்த வழிகாட்டி வயர் வழியாக இயங்கும் அலாரங்களுக்கு. பெட்டிக்குள் ஒரு போர்டு, 12 வோல்ட் பேட்டரி, சுவரில் கீபேட், கதவு ஜன்னல்களில் மேக்னெட் சுவிட்ச், அறைகளில் ஆள் நடமாட்டத்தை உணரும் பி.ஐ.ஆர். சென்சார், வெளியே சைரன் என்ற அமைப்பு. படிகளின் வரிசை முக்கியம். முதலில் அணைக்க வேண்டும், பிறகு அளக்க வேண்டும், அதன் பிறகுதான் சுவரையும் வயரையும் தொட வேண்டும்.

## 1. எதையும் தொடுவதற்கு முன்

முதல் கேள்வி, டிரில் அலாரம் வயரை மட்டும் தொட்டதா, பக்கத்தில் ஓடும் 230 வோல்ட் வயரையும் தொட்டதா என்பது. பொறி பறந்தது, எம்.சி.பி. விழுந்தது, கருகிய வாடை அடித்தது என்றால் இரண்டும் அடிபட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு மெயினை அணைத்துவிட்டு, முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டு வயரிங்கைச் சரிசெய்யுங்கள். அலாரம் காத்திருக்கலாம். 230 வோல்ட் அலாரம் கேபிளுக்குள் ஏறியிருந்தால் அந்தக் கேபிளின் எந்த முனையும் பாதுகாப்பானதல்ல.

அந்த ஆபத்து இல்லையென்றால், அணைப்பதற்கு முன் கீபேடைப் பாருங்கள். எந்த ஜோன் (பேனல் தனியாகக் கவனிக்கும் ஒரு கதவோ ஜன்னலோ அறையோ) திறந்திருப்பதாகக் காட்டுகிறது, டேம்பர் (யாரோ மூடியையோ வயரையோ கைவைத்ததாகச் சொல்லும் எச்சரிக்கை) வந்திருக்கிறதா, மஞ்சள் முக்கோணமோ 'ட்ரபிள்' விளக்கோ எரிகிறதா என்பதைப் போனில் படம் எடுங்கள். பேனலை அணைத்து ஏற்றினால் இவற்றில் சில அழிந்துவிடும். அடிபட்ட நேரத்தில் பேனல் சொன்னதுதான் உங்களுக்குக் கிடைக்கும் முதல் சாட்சி.

கண்காணிப்பு நிறுவனத்துடன் இணைப்பு இருந்தால் அவர்களுக்கும், அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டிக்கும், பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலை நடக்கும்போது சைரன் ஒருமுறையாவது கத்தும்.

அடுத்து பேனலை இன்ஸ்டாலர் கோடு (அலாரம் பொருத்தியவரின் ரகசிய எண்) போட்டு சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோங்கள். அந்த நிலையில் பெட்டி மூடியைத் திறந்தாலும் டேம்பர் அலாரம் அடிக்காது. கோடு கையில் இல்லையென்றால் சாதாரணமாக டிஸ்ஆர்ம் செய்துவிட்டு, அதாவது காவலை நீக்கிவிட்டுத் தொடரலாம், ஆனால் மூடியைத் திறக்கும்போது சத்தம் வரும் என்று தெரிந்தே திறக்க வேண்டும்.

இப்போது பேனலின் மெயின் சப்ளையை அணையுங்கள். அதோடு பேனல் சாகாது. பேட்டரியிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். பலர் தடுக்கிவிழுவது இங்கேதான். பேட்டரியின் சிவப்பு முனையைக் கழற்றி, அந்த முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி சிறியதுதான். ஆனாலும் ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியரைத் தள்ளும், மெல்லிய வயரை உருக்கிவிடும்.

வெளிச் சைரனுக்குள் தனி பேட்டரி இருந்தால், பேனலிலிருந்து வரும் 12 வோல்ட் நின்றவுடன் 'யாரோ வயரை வெட்டிவிட்டார்கள்' என்று அது தானாகவே அலறும். அது பழுதல்ல, அதன் வேலையே அதுதான். சைரன் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சையோ பேட்டரி முனையையோ பேனலை அணைப்பதற்கு முன்பே கழற்றிவிட்டால் தெருவே திரண்டு வராது.

## 2. கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்குத் திறன்) அளக்கும் வசதியுள்ளதாக இருந்தால் நல்லது, ஏன் என்பது 7-ஆம் படியில் வரும். தொடாமலே மெயின் கரண்டைக் காட்டும் பேனா டெஸ்டர், சிறிய தட்டை ஸ்க்ரூ டிரைவர், வயர் ஸ்ட்ரிப்பர், சால்டரிங் அயர்ன், 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஹீட் ஷ்ரிங்க் குழாய், இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்த சிறு வயர் இரண்டு, பெயர் எழுதி ஒட்ட மாஸ்கிங் டேப்.

இவற்றோடு 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று வாங்கிவையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மீட்டர் சொல்லும் பாதிப் பொய்யைப் பிடித்துக்கொடுப்பது இதுதான்.

உங்கள் பேனலுக்குரிய ஈ.ஓ.எல். ரெசிஸ்டரின் மதிப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். இது ஒவ்வொரு ஜோன் வயரின் கடைசியிலும் போடப்படும் ரெசிஸ்டர். டி.எஸ்.சி. பேனல்களில் 5.6 கிலோ ஓம் (பச்சை, நீலம், சிவப்பு), ஹனிவெல் விஸ்டா வகைகளில் 2 கிலோ ஓம் (சிவப்பு, கறுப்பு, சிவப்பு), பாரடாக்ஸில் 1 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). வேறு கம்பெனி என்றால் பேனல் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வரைபடத்தில் இருக்கும். அதுவும் கிழிந்துபோயிருந்தால், நன்றாக வேலை செய்யும் ஒரு கதவு ஜோனின் வயரைக் கழற்றி அளந்தால் தெரிந்துவிடும்.

## 3. எந்த வகை வயர் அடிபட்டது என்று பிரிப்பது

அலாரம் வயர்கள் நான்கு வகை வேலை செய்கின்றன. ஜோன் வயர், சென்சாருக்கு 12 வோல்ட் கொண்டுபோகும் வயர், கீபேட் வயர், சைரன் வயர். அடையாளத்தை வைத்து எது என்று ஊகித்துக்கொண்டால் பாதித் தேடல் மிச்சம்.

ஒரே ஒரு ஜோன் மட்டும் எப்போதும் திறந்திருப்பதாகக் காட்டினால், பெரும்பாலும் அந்த ஜோன் வயர் அறுந்திருக்கிறது. ஒரு கதவைத் திறந்தால் இரண்டு ஜோன் சேர்ந்து காட்டினால், இரண்டு ஜோன் வயர்கள் அடிபட்ட இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. எல்லா பி.ஐ.ஆர். சென்சாரும் ஒரே நேரத்தில் திறந்து, விளக்கும் எரியாமல் இருந்தால் 12 வோல்ட் லைன் ஷார்ட் ஆகி, போர்டில் உள்ள ஃபியூஸ் தடுத்திருக்கிறது. கீபேட் இருட்டாகிவிட்டாலும் இதே சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். கீபேட் எரிகிறது, ஆனால் பட்டனுக்குப் பதில் இல்லை என்றால் டேட்டா வயர் போயிருக்கிறது.

அலாரத்தை ஆஃப் செய்த பிறகும் டேம்பர் என்று கத்திக்கொண்டே இருந்தால் அது டேம்பர் லூப். பல வீடுகளில் எல்லாச் சென்சார் மூடிகளின் டேம்பர் சுவிட்சும் ஒரே சங்கிலியாகக் கோர்க்கப்பட்டிருக்கும். எங்கு அறுந்தாலும் மொத்தமும் திறந்ததாகத்தான் காட்டும்.

## 4. படம், பெயர், பிறகு ஸ்க்ரூ

பேனல் பெட்டியைத் திறந்தவுடன் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். முழு போர்டும் தெரிய ஒரு படம், டெர்மினல் (வயர் மாட்டும் ஸ்க்ரூ) வரிசை ஒவ்வொன்றும் எழுத்து தெரியும்படி ஒரு படம். எந்த வயர் எந்த டெர்மினலில் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி ஆறு வயரைக் கழற்றுபவர், கடைசியில் இன்ஸ்டாலரைத்தான் கூப்பிடுகிறார்.

சந்தேகப்படும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். கேபிளுக்குள் இருக்கும் தனித்தனி வயர்தான் கோர். ஒவ்வொரு கோரிலும் மாஸ்கிங் டேப்பில் டெர்மினல் பெயரை எழுதி ஒட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். நான்கு கோர் கேபிள் தீர்ந்துபோய் பாதி வழியில் வேறு கேபிளை ஒட்டி முடித்த வீடுகள் ஏராளம். பேனலில் சிவப்பாகப் புறப்பட்டது கதவருகே வெள்ளையாக வந்து நிற்கும்.

இன்னொன்று. பல பேனல்களில் பக்கத்துப் பக்கத்து இரண்டு ஜோன்களுக்கு ஒரே பொது டெர்மினல். அதில் இரண்டு கேபிளின் வயர்கள் ஒரே ஸ்க்ரூவின் கீழ் இருக்கும். ஒன்றைக் கழற்றும்போது மற்றது நழுவி விழும். நல்ல ஜோன் ஒன்றும் சேர்ந்து பழுதாகும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

## 5. ஜோன் வயரை ஓம் கணக்கில் அளப்பது

வயரைப் போர்டில் இருக்கும்போதே அளந்தால் போர்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து தவறான எண் வரும். அதனால் ஜோனின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு அவற்றுக்கு இடையே அளக்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றாகத் தொட்டு, அது காட்டும் 0.2, 0.3 ஓமைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கழிக்க வேண்டும்.

கதவு ஜோனிலிருந்து தொடங்குங்கள், அதுதான் எளிது. கதவைச் சாத்திவைத்து அளக்கவும். 5.6 கிலோ ஓம் பேனல் என்றால் 5.5 முதல் 5.7 வரை வந்தால் வயர் நலம். கதவைத் திறந்தால் எண் மறைந்து 'ஓ.எல்.' (மீட்டர் அளக்க முடியாத தடை, அதாவது இணைப்பே இல்லை) வர வேண்டும். இரண்டும் நடந்தால் அந்த ஜோனை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

சாத்திய கதவிலும் 'ஓ.எல்.' என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது மேக்னெட் விலகியிருக்கிறது. முதலில் மேக்னெட்டைப் பாருங்கள். டிரில் அதிர்ச்சியிலோ பெயின்ட் அடிக்கும்போதோ மேக்னெட் நகர்ந்திருக்கும். வேறொரு மேக்னெட்டைச் சுவிட்சின் மேல் ஒட்டிப்பிடித்தால் எண் வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

சில ஓம்கள் மட்டுமே வந்தால் ஷார்ட் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ரெசிஸ்டரைக் கதவருகே போடாமல் பேனல் பெட்டிக்குள்ளேயே போட்ட வீடுகளில் நலமான வயரும் சில ஓம்தான் காட்டும். பிரித்தறிய ஒரே வழி, கதவைத் திறப்பது. திறந்தவுடன் 'ஓ.எல்.' வந்தால் வயர் சரி, ரெசிஸ்டர் மட்டும் தவறான இடத்தில் இருக்கிறது. திறந்தும் சில ஓமே இருந்தால் அது உண்மையான ஷார்ட்.

ரெசிஸ்டர் பேனலுக்குள் இருப்பது ஏன் தவறு என்றால், அப்போது வழியில் வயர் ஷார்ட் ஆனாலும் பேனலுக்குக் கதவு சாத்தியிருப்பதாகத்தான் தெரியும். அடிபட்ட வயர் அமைதியாக இருக்கும், கதவு திறந்தாலும் சைரன் அடிக்காது. கையோடு கையாக ரெசிஸ்டரைச் சுவிட்ச் இருக்கும் முனைக்கு மாற்றிவிடுங்கள்.

இடைப்பட்ட எண்கள்தான் ஆளைக் குழப்பும். 5.6-க்குப் பதில் 2.8 கிலோ ஓம் வந்தால் இரண்டு ரெசிஸ்டர்கள் பக்கவாட்டில் சேர்ந்திருக்கின்றன, அதாவது இரண்டு ஜோன் வயர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. 11.2 கிலோ ஓம் வந்தால் பதறாதீர்கள். டேம்பரையும் ஒரே ஜோடி வயரில் சேர்த்துச் சொல்ல, ஒரு சென்சாருக்கு இரண்டு ரெசிஸ்டர் போடும் முறை உண்டு. அதில் அமைதி நிலையில் 5.6, அலாரத்தில், அதாவது சுவிட்ச் திறந்திருக்கும்போது, 11.2. எண் நிலையாக நிற்காமல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. சுவரில் புது பூச்சு இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

பி.ஐ.ஆர். ஜோனில் புதியவர்கள் எல்லோரும் ஏமாறும் ஒரு இடம் இருக்கிறது. பி.ஐ.ஆர். சென்சாருக்குள் இருக்கும் ரிலே என்ற சிறு மின் சுவிட்ச், கரண்ட் இருக்கும்போது மட்டுமே மூடியிருக்கும். நாம் பேனலை அணைத்துவிட்டோம், ஆகவே ரிலே திறந்து கிடக்கும். வயர் முழு நலமாக இருந்தாலும் மீட்டர் 'ஓ.எல்.' காட்டும். இதை நம்பிச் சுவரை உடைத்தவர்கள் உண்டு. சென்சாரின் மூடியைத் திறந்து, 'என்.சி.', 'சி' என்று குறித்த அலாரம் டெர்மினல் இரண்டையும் கிளிப் வயரால் இணைத்துவிட்டுப் பேனல் முனையில் அளந்தால்தான் உண்மை தெரியும். கண்ணாடி உடைப்புச் சென்சாருக்கும் இதேதான்.

கடைசியாக மீட்டரை 20 மெகா ஓம் நிலைக்கு மாற்றி, ஒவ்வொரு கோருக்கும் பெட்டியின் எர்த்துக்கும் இடையே அளக்கவும். எண்ணே வரக்கூடாது. சில நூறு கிலோ ஓம் வந்தால் இன்சுலேஷன் கிழிந்து சுவரையோ இரும்புச் சட்டத்தையோ தொடுகிறது. இன்று வேலை செய்யும், ஐப்பசி மழையில் நள்ளிரவில் அடிக்கும்.

## 6. 12 வோல்ட் வயரும் சைரனும்

இவற்றைக் கழற்றிய நிலையில் முதலில் ஷார்ட் இருக்கிறதா என்று அளக்கவும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 0 அல்லது சில ஓம் வந்தால், அதைச் சரிசெய்யும் வரை பேனலில் மாட்டவே கூடாது. சென்சார் இணைந்திருக்கும்போது எண் ஏறி இறங்கிப் பிறகு நிற்கும். அது சென்சாருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பழுதல்ல.

கடினமானது, பாதி அறுந்த வயர். ஏழு இழையில் ஒரு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது அவசரமாக முறுக்கிய ஜாயின்ட் துருப்பிடித்திருக்கும். அந்த முனையில் மீட்டரை வைத்தால் பேனல் கொடுக்கும் 13.6 வோல்ட்டை அப்படியே அழகாகக் காட்டும். மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை, அதனால் தடையும் தெரிவதில்லை.

கணக்கைப் பாருங்கள். அந்த ஜாயின்ட்டில் 50 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 மில்லி ஆம்பியர் எடுக்கும் பி.ஐ.ஆருக்கு 0.75 வோல்ட்தான் குறையும், அது வேலை செய்யும். 100 மில்லி ஆம்பியர் எடுக்கும் கீபேடுக்கு 5 வோல்ட் போய்விடும், 8.6 வோல்ட்டில் அது பட்டன் அமுக்கும்போதெல்லாம் அணைந்து எரியும். கீபேடே பழுது என்று புதிது வாங்குவார்கள், அதுவும் அப்படியே செய்யும்.

அதனால் 100 ஓம் ரெசிஸ்டர். பேனலுக்குக் கரண்ட் கொடுக்கும் 9-ஆம் படி வந்ததும், தூர முனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே கிளிப் போட்டு ரெசிஸ்டரை மாட்டி, மாட்டியபடியே வோல்ட் அளக்கவும். சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடும். பேனலில் 13.6, முனையில் 13 என்றால் நல்ல வயர். 11-க்குக் கீழே போனால் வழியில் ஒரு மோசமான ஜாயின்ட் இருக்கிறது. ரெசிஸ்டர் கை சுடும் அளவுக்குச் சூடாகும், பத்து நொடிக்கு மேல் வைக்க வேண்டாம்.

சைரனுக்கு இதே விதி இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஒரு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் சைரன் லைனில் 5 ஓம் ஜாயின்ட் இருந்தாலே மூன்று, நான்கு வோல்ட் கரைந்துவிடும். சத்தம் கேட்கும், தெருமுனைக்குப் போகாது. பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டினால் எலக்ட்ரானிக் சைரன் வாயே திறக்காது, சிலவகை எரிந்தும் போகும்.

## 7. அடிபட்ட இடத்தைச் சுவருக்குள் தேடுவது

டிரில் ஓட்டை கண்ணெதிரே இருந்தால் இந்தப் படி வேண்டாம். எலி கடித்ததற்கும், எந்த ஸ்க்ரூ குத்தியது என்று தெரியாததற்கும்தான் இது.

முதலில் பாதியாக வெட்டிப் பார்க்கும் முறை. கேபிள் போகும் வழியில் ஜங்ஷன் பாக்ஸ் இருந்தால் அங்கே பிரித்து, பேனல் பக்கம் ஒருமுறை, சென்சார் பக்கம் ஒருமுறை அளக்கவும். பழுது எந்தப் பாதியில் என்று தெரிந்துவிடும்.

பாக்ஸ் இல்லாத நேர் ஓட்டத்தில், ஷார்ட் என்றால் ஓம் எண்ணே தூரத்தைச் சொல்லும். பல வீடுகளில் அலாரத்துக்கு கேட் 5 நெட்வொர்க் கேபிளையே ஓட்டியிருப்பார்கள். நல்ல செம்பு என்றால் அதன் ஒரு கோருக்குக் கிலோமீட்டருக்கு 84 ஓம். போய் வர இரண்டு கோர், ஆக மீட்டருக்கு 0.168 ஓம். பேனலில் 2.5 ஓம் வந்து, மீட்டர் முனைகளின் 0.3-ஐக் கழித்தால் 2.2. அதை 0.168-ஆல் வகுத்தால் 13 மீட்டர். வயர் போன வழியே டேப் வைத்து 13 மீட்டர் அளந்து போனால், பெரும்பாலும் அங்கே புது ஸ்க்ரூ ஒன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிளில் இந்தக் கணக்கு தவறும், தடை அதில் கூடுதல். ஒரு கோரைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். ஒரு மீட்டர் மிச்சக் கேபிள் கிடைத்தாலும் அதன் கோர்களை ஒன்றன்பின் ஒன்றாக நீளமாகச் சேர்த்து அளந்து உங்கள் கேபிளின் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அறுந்த வயருக்கு ஓம் உதவாது, அங்கேதான் கெப்பாசிட்டன்ஸ். இரு முனையிலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதே கேபிளில் அறுபடாத ஒரு ஜோடியைப் பேனல் முனையில் அளக்கவும். பிறகு அறுந்த ஜோடியை அளக்கவும். நல்ல ஜோடி 1.0 நானோ ஃபாரட், அறுந்தது 0.6 என்றால், கேபிள் நீளத்தில் சுமார் பத்தில் ஆறு பங்கு தூரத்தில் அறுந்திருக்கிறது. 20 மீட்டர் கேபிளில் 12-ஆவது மீட்டர். தோராயம்தான், ஆனாலும் எந்த அறையில் சுவரைத் தட்டுவது என்று சொல்லிவிடும்.

## 8. ஒட்டுவது

சுவரை உடைப்பதற்கு முன் சும்மா கிடக்கும் கோர்களை எண்ணுங்கள். கதவுச் சுவிட்சுக்கு இரண்டு கோர் போதும், ஓட்டியிருப்பது நான்கோ ஆறோ. சும்மா இருக்கும் ஒரு ஜோடி 5-ஆம் படியின் அளவுகளில் தேறினால், இரு முனையிலும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டிரில் கேபிளின் குறுக்கே போயிருந்தால் இது தற்காலிகம்தான். வெளியுறை கிழிந்த இடத்தில் ஈரம் ஏறும்.

ஜாயின்ட் போட்டே ஆக வேண்டுமென்றால், அறுந்த முனைகளை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். டிரில் முறுக்கிய இடத்துக்கு அப்பாலும் இழைகள் உள்ளே முறிந்திருக்கும். ஒவ்வொரு கோரிலும் 10 மில்லிமீட்டர் உரித்து, ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே கோர்த்துவிடுங்கள். இதை மறந்து சால்டர் செய்துவிட்டு மறுபடி வெட்டாதவர் யாருமில்லை. இரு முனையையும் நேருக்கு நேர் முறுக்கி, செம்பைச் சூடாக்கி ஈயத்தை அதன்மேல் உருக விடுங்கள். ஈயம் உருண்டையாக நிற்காமல் இழைகளுக்குள் ஊறிப் போக வேண்டும். ஒவ்வொரு கோரின் ஜாயின்ட்டும் அடுத்ததிலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், உறை நழுவினாலும் ஒன்றையொன்று தொடாது.

ஒற்றைக் கம்பியாக வரும் கேட் கேபிளுக்கு டெலிபோன் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ஜெல் கனெக்டர் நல்லது. உரிக்காமலே உள்ளே நுழைத்துக் குறடால் அழுத்தினால் போதும். பல இழை வயரில் அது இழைகளை வெட்டிவிடும், அங்கே சால்டர்தான்.

வெறும் இன்சுலேஷன் டேப்பை நம்ப வேண்டாம். சித்திரை வெயிலில் பசை உருகி நழுவும், ஒரு வருடத்தில் டேப் தனியே கிடக்கும்.

ஜாயின்ட்டைப் பட்டி பூசி மூடாதீர்கள். சின்ன பாக்ஸ் ஒன்று பதித்து பிளாங்க் பிளேட் போட்டு மூடினால் அடுத்தமுறை உடைக்கத் தேவையில்லை. புதுக் கேபிள் இழுக்க நேர்ந்தால் மெயின் வயர் போகும் பைப்புக்குள் நுழைக்கக் கூடாது. அங்கே ஒரு உரசல் போதும், 230 வோல்ட் கீபேடுக்கு வந்துவிடும். எலி புகுந்த வீடென்றால் பைப்பின் வாயைச் சிமென்ட்டாலோ இரும்பு நாராலோ அடைக்காமல் புதுக் கேபிள் போடுவது வீண் செலவு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சத்தத்தை நிறுத்துவதற்காக, அறுந்த ஜோனின் டெர்மினலில் நேரடியாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. பேனல் பச்சை விளக்குக் காட்டும். அந்த ஜன்னலுக்குக் காவல் இல்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. உடனே சரிசெய்ய முடியாவிட்டால் கீபேடிலேயே அந்த ஜோனை பைபாஸ் செய்யுங்கள், அதாவது அதை மட்டும் காவலிலிருந்து விலக்கிவையுங்கள். ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படும், வீட்டாரும் மறக்க மாட்டார்கள்.

## 9. மறுபடி கரண்ட் கொடுப்பது, ஒவ்வொன்றாக

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மெயினைப் போடுவது தவறு. எங்காவது ஷார்ட் மிஞ்சியிருந்தால் எது என்று தெரியாது.

முதலில் வெறும் போர்டு மட்டும். மெயினைப் போடுங்கள், பிறகு பேட்டரி. பல பேனல்கள் பேட்டரியை மட்டும் கொடுத்தால் எழாது, அதைப் பார்த்துப் போர்டு செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். 12 வோல்ட் டெர்மினலில் 13.5 முதல் 13.8 வரை வர வேண்டும். எதுவும் வராவிட்டால் ஷார்ட் நேரத்தில் ஃபியூஸ் போயிருக்கும். பழைய பேனலில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ், அதே ஆம்பியரில் மாற்றவும். புதியவற்றில் தானாக மீளும் வகை. மெயினையும் பேட்டரியையும் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் சேர்ந்துகொள்ளும்.

அடுத்து கீபேட். சுவரிலிருந்து கழற்றி வந்து, ஒரு மீட்டர் துண்டு வயரில் நேராகப் போர்டில் மாட்டுங்கள். இங்கே வேலை செய்து, சுவரில் வேலை செய்யாவிட்டால் பழுது வயரில், கீபேடில் அல்ல. இந்த ஐந்து நிமிடச் சோதனையைத் தவிர்த்துத்தான் நல்ல கீபேடுகள் குப்பைக்குப் போகின்றன. டி.எஸ்.சி., ஹனிவெல் இரண்டிலும் கீபேடுக்கு நான்கு கோர்: சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ், மஞ்சளும் பச்சையும் டேட்டா. விளக்கு எரிந்து எழுத்து வராவிட்டால் ஜாயின்ட்டில் மஞ்சளும் பச்சையும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு சென்சார்களின் 12 வோல்ட், ஒவ்வொரு கேபிளாக. ஒவ்வொன்றுக்கும் பேனல் வோல்ட் நிற்கிறதா என்று பார்க்கவும். எந்தக் கேபிளை மாட்டியவுடன் எண் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பிறகு ஜோன்கள். சைரன் கடைசி.

ஜோன் ஒன்று இன்னும் திறந்தே காட்டினால், அந்த டெர்மினலில் ஒரு புது ஈ.ஓ.எல். ரெசிஸ்டரை மட்டும் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஜோன் மூடியது என்றால் போர்டு நலம், வயரையே மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் திறந்தே காட்டினால் போர்டின் அந்த உள்ளீடு எரிந்திருக்கிறது. காலியாக இருக்கும் வேறு ஜோனுக்கு வயரை மாற்றி, புரோகிராமில் வகையையும் மாற்றிக்கொள்ளலாம். பல ஜோன்கள் ஒன்றாகப் போயிருந்தால், டெர்மினல் கறுத்திருந்தால், மெயின் கரண்ட் ஏறியிருக்கிறது. போர்டை மாற்றுங்கள், பழைய சென்சார்களைத் தனியே ஒரு 12 வோல்ட் சப்ளையில் ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே புது போர்டில் சேருங்கள்.

## 10. நடந்து பார்க்கும் சோதனை

சர்வீஸ் நிலையிலேயே வாக் டெஸ்ட் இருக்கும். ஒருவர் கீபேட் முன்னால் நிற்க, இன்னொருவர் ஒவ்வொரு கதவாக, ஜன்னலாகத் திறந்து மூட வேண்டும். அடிபட்டதை மட்டும் அல்ல, எல்லாவற்றையும். வேலையின்போது பொது டெர்மினலில் நழுவிய வயர் இப்போதுதான் பிடிபடும். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஜோன் மினுக்கினால் அந்த ஜாயின்ட்டை வெட்டி மறுபடி போடுங்கள்.

கடைசியில் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் சைரனைப் பத்து நொடி அடிக்க விடுங்கள். அடிக்கும்போதே பேட்டரி முனையில் அளக்கவும். 12 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது, 11.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். மூன்று நான்கு ஆண்டு ஆன பேட்டரி என்றால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும்.

எல்லாம் தேறினால் மெயினைப் போட்டு, சைரன் பேட்டரியை மறுபடி இணைத்து, சர்வீஸ் நிலையிலிருந்து வெளியே வாருங்கள். கண்காணிப்பு நிறுவனத்துக்கும் செக்யூரிட்டிக்கும் வேலை முடிந்ததைச் சொல்லுங்கள். ஜாயின்ட் போட்ட இடம், மாற்றிய கோர்களின் நிறம், ஒவ்வொரு ஜோனிலும் வந்த ஓம் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பேனல் மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். கேபிள் சுவரில் போகும் வழியைப் பென்சிலால் வரைந்து அதே தாளில் சேர்த்தால், அடுத்து வரும் ஏ.சி. மெக்கானிக் டிரில் எடுப்பதற்கு முன் அவரிடம் காட்டலாம்.